நடைக்கும் அளவு, சூரணத்துக்கும் அளவு

மகளிர் நோய் மருத்துவர்களும் சித்த மருத்துவப் பேராசிரியர்களும் ஒரே அரங்கில் அமர்ந்து பெண்களின் ஹார்மோன் நலம் பற்றிப் பேச வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அது நிறைவேறும் நாளில் தலைமைப் பொறுப்பையும் என்னிடம் தந்த அமைப்பாளர்களுக்கு நன்றி. தைராய்டுக்கும் மாதவிடாய் நிற்கும் பருவத்துக்கும் தனி அமர்வுகள் இருப்பதால், நான் சினைப்பை நீர்க்கட்டியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். புறநோயாளர் பிரிவுக்குத் தாயும் மகளுமாக வந்து, மகள் தலைகுனிந்திருக்கத் தாயே பேசும் நோய் இது.

1935இல் சிகாகோவில் ஸ்டீன், லெவெந்தால் என்ற மருத்துவர்கள் இருவரும் இந்நோயுள்ள ஏழு பெண்களைப் பற்றி எழுதினார்கள். சினைப்பையிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுப்பதே அவர்கள் செய்த சிகிச்சை. இன்று நோயின் வேரை இன்னும் விரிவாகப் பார்க்கிறோம். இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காதபோது கணையம் அதை மேலும் மேலும் சுரக்கிறது. மிகுந்துபோன இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனான ஆண்ட்ரோஜனைக் கூட்டுகிறது. ஆண்ட்ரோஜனைப் பிடித்துவைக்கும் புரதத்தைக் கல்லீரல் குறைவாக உண்டாக்கவும் அதுவே காரணமாகிறது. விளைவு முகத்தில் முடியாகவும் பருவாகவும் தெரிகிறது. கருமுட்டை முதிராமல் பாதியில் நிற்கிறது. ஸ்கேனில் முத்துக் கோத்தாற்போல் தெரிபவை அப்படி நின்றுபோன முட்டைப் பைகள்தாம். அவை கட்டிகள் அல்ல என்பதை அந்தத் தாயிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் பாதி அச்சம் தீரும்.

கருவுறும் வயதுப் பெண்களில் 10 முதல் 13 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் 70 சதவீதம் பேர் வரை கண்டறியப்படாமலே இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், நோயே இல்லாத பிள்ளைகளுக்கும் முத்திரை குத்தப்படுகிறது. பூப்பெய்தி எட்டு ஆண்டுகள் ஆகாத பெண்ணுக்கு ஸ்கேனை வைத்து இந்நோயை முடிவு செய்யக் கூடாது என்பது 2023ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டி நெறி. பிளஸ் டூ மாணவிகள் ஸ்கேன் உறையும் கையுமாக வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

உணவும் உடற்பயிற்சியும் சிகிச்சையின் அடித்தளம் என்று நாம் அனைவரும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அதை எப்படிச் சொல்கிறோம்? மெட்ஃபார்மின் மாத்திரையை எழுதும்போது எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, எத்தனை மாதம் என்று எழுதுகிறோம். நடையைப் பற்றிக் கேட்டால், "வெயிட்டைக் குறைம்மா" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். அந்த வரி மருந்தாகாது. அந்தப் பெண்ணின் காதில் பழியாகத்தான் விழும். ஒல்லியான பெண்களுக்கும் இந்நோய் வருகிறது என்பதையும் அது மறைத்துவிடுகிறது.

வாரத்துக்கு 150 நிமிடமாவது விரைந்த நடை, இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்று எழுதித் தர வேண்டும். தசை உழைக்கும்போது இன்சுலினின் துணை இல்லாமலே சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் என்ற காரணத்தையும் சொல்ல வேண்டும். கூடுதல் எடையுள்ளவர்களில் பலருக்கு, உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே மாதவிலக்கு ஒழுங்குக்கு வருகிறது. எழுதித் தருமுன் அந்தப் பெண்ணின் நாள் எப்படிக் கழிகிறது என்றும் கேட்க வேண்டும். நூற்பாலையில் இரவு ஷிப்ட் முடித்து, விடிந்தபின் வீடு வந்து, சமைத்துவிட்டுப் பத்து மணிக்குப் படுக்கும் பெண்ணிடம் "காலையில் நடங்கள்" என்பதில் என்ன பொருள்? அவளுக்கு முதல் மருந்து தடையில்லாத ஏழு மணி நேரத் தூக்கம். அதை மாமியாரையும் கணவரையும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். சோற்றைக் குறைத்துக் கீரை, சுண்டல், முட்டையைக் கூட்டச் சொன்னாலும் அப்படியே. வீடு முழுக்க மாறாமல் அவள் தட்டு மட்டும் மாறாது.

இனி மூலிகைக்கு வருகிறேன். மெட்ஃபார்மினின் வரலாறே பிரெஞ்சு லைலாக் என்ற செடியிலிருந்து தொடங்குகிறது. 1940களில் வேதியியலாளர் ரஸ்ஸல் மார்க்கர் மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைப் பெருமளவில் உண்டாக்கினார். ஆனால் அந்த மாற்றம் ஆய்வுக்கூடத்தில் நடந்தது. கிழங்கை உண்டால் நம் உடல் அதைச் செய்யாது. செடியை மதிப்பவர்கள் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் ஊர்க் கழற்சிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். பருப்பை உடைத்து மிளகோடு இடித்துத் தருவது வழக்கம். விலங்குகளில் நடந்த சோதனைகள் நம்பிக்கை தருகின்றன. பெண்களிடம் ஒப்பீட்டுக் குழுவோடு பெரிய அளவில் ஆய்வு வேண்டும். தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் அருகிலுள்ள மகப்பேறு மருத்துவமனைகளோடு கைகோத்தால் அது நடக்கும். வெந்தயத்தின் நார்ச்சத்து சர்க்கரை இரத்தத்தில் சேரும் வேகத்தைத் தணிக்கிறது. சர்க்கரை மாத்திரை உண்பவருக்கு அளவைப் பார்த்துத்தான் தர வேண்டும். அதிமதுரத்தை நாள்கணக்கில் உண்டால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும்.

பெரும்பாட்டுக்குத் தரும் அசோகப்பட்டையில் இன்னொரு சிக்கல். நாட்டு மருந்துக் கடையில் அந்தப் பெயரில் கிடைப்பது பல நேரம் நெட்டிலிங்கத்தின் பட்டை. பள்ளிக்கூட வாசல்களில் உயர்ந்து நிற்குமே, அந்த மரம். பொடித்துவிட்டால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. மூலப்பொருளை அடையாளம் கண்ட சான்று இல்லாமல் "பலன் கிடைத்தது" என்று எழுதும் கட்டுரையை நான் ஏற்க மாட்டேன். "பலன் இல்லை" என்பதையும் ஏற்க மாட்டேன்.

இரண்டு எச்சரிக்கைகள். மாதவிலக்கு தள்ளிப்போனவருக்கு எந்தச் சூரணம் தந்தாலும் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். மாதவிலக்கைத் தூண்டும் மருந்து கருவுற்றவளிடம் போய்விடக் கூடாது. அடுத்து, கருமுட்டை வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்டிரோன் சுரப்பதில்லை. கருப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போகிறது. ஆண்டுக்கணக்கில் விட்டால் அது புற்றுநோய்க்கு வழிவிடும். மூன்று மாதம் மூலிகை தந்தும் இரத்தப்போக்கு வரவில்லையென்றால் மகளிர் மருத்துவரிடம் அனுப்புங்கள். மகளிர் மருத்துவர்களான நாங்களும், நோயாளி சூரணம் சாப்பிடுவதாகச் சொன்னால் கடிந்துகொள்ளாமல் அதன் பெயரையும் அளவையும் கேஸ் ஷீட்டில் எழுதுவோம். கடிந்துகொண்டால் அடுத்த முறை அவள் சொல்லவே மாட்டாள்.

நாளை மாலை நிறைவு அமர்வுக்குள் ஒரு பக்கச் சீட்டு ஒன்றை நாம் தமிழில் வரைந்தாக வேண்டும்: தூக்கம், நடை, உணவு, மூலிகை, மாத்திரை, மாதவிலக்குத் தேதி எல்லாம் அளவோடு. இரு தரப்பு மருத்துவர்களும் அதே சீட்டில் எழுதட்டும். வெந்தயம் பற்றிய முதல் கட்டுரையை வழங்க ஆய்வாளரை அழைக்கிறேன்.