மின்னஞ்சலில் நாணயம்



இராஜபாளையத்து நூலும், அடுத்துள்ள சத்திரப்பட்டியின் பாண்டேஜ் துணியும், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் வெளியூர்களில் நல்ல பெயர் உடையவை. ஆயினும் விலை கேட்டவர்க்கு நாம் எழுதும் மின்னஞ்சல், ஸ்பாம் என்னும் ஒதுக்குப் பெட்டியில் விழுமாயின், எழுதியதும் எழுதாததும் ஒன்றே. நம் சங்கத்தின் உபகாரச் சம்பள அறிவிப்புக்கும் இதே கதிதான். மனுச் செய்யும் நாள் கடந்தபின் ஏழை மாணாக்கன் ஒருவன் அதைக் கண்டெடுத்து யாது பயன்?

கடன் கொடுக்குமுன் ஒருவருடைய நாணயத்தை நாம் விசாரிக்கிறோமல்லவா? ஜீமெயில், யாஹூ, அவுட்லுக் முதலியனவும் கடிதம் அனுப்புவோரின் டொமைன் பெயரை அவ்வாறே விசாரிக்கின்றன. 2024 பிப்ரவரி முதல் கூகிளும் யாஹூவும் இதற்குக் கண்டிப்பான விதிகள் வகுத்தன. 2025 மே மாதத்தில் மைக்ரோஸாப்டும் பின்தொடர்ந்தது. இன்ன இயந்திரமே நமக்காக அனுப்பலாம் என்று அறிவிப்பது எஸ்.பி.எஃப். கடிதம் வழியில் திருத்தப்படவில்லை என்பதற்கு முத்திரை டி.கே.ஐ.எம். சான்று தவறினால் செய்யத்தக்கது யாதென உத்தரவிடுவது டிமார்க். நாளொன்றுக்கு ஜீமெயிலுக்கு 5,000 கடிதம் அனுப்புவோர்க்கு இம்மூன்றும் கட்டாயம். அன்றியும், அவர்தம் விளம்பரக் கடிதங்களில், வேண்டாதார் ஒரே அழுத்தில் விலகிக்கொள்ள வழியிருத்தல் வேண்டும். சிறு அளவில் அனுப்புவோரும் முதலிரண்டில் ஒன்றேனும் உடையராதல் வேண்டும்.

இவையெல்லாம் அனுப்பியவர் இன்னார் என்று காட்டுமேயன்றி, நல்லவர் என்று காட்டமாட்டா. நல்லவர் என்று சொல்ல வேண்டியவர் கடிதத்தைப் பெறுபவரே. 1,000 பேரில் 3 பேர் 'ஸ்பாம்' என்று அழுத்தினால் கூகிளின் எல்லை தொட்டாயிற்று. ஒருவருக்கும் குறைவாக இருத்தலே நலம் என்பது அதன் யோசனை.

இனிச் சொல்வது சிலருக்குக் கசக்கும். சங்கத்து முகவரிப் புத்தகத்தைத் தம் கடை விளம்பரத்துக்குத் தர வேண்டுமென்று அங்கத்தினர் சிலர் கேட்கின்றனர். "நம்மவர்தாமே, கோபிப்பார்களா?" என்கின்றனர். கோபிக்கமாட்டார்கள்; மரியாதைக்காக வாயும் திறவார்கள். ஆனால் ஒருவருமறியாமல் அந்தப் பொத்தானை அழுத்திவிடுவார்கள்! சங்கத்தின் பெயரால் அனுப்பினால் பழியும் சங்கத்தின் பெயர்மேல்தான் ஏறும். அப்புறம் உபகாரச் சம்பளக் கடிதமும் கூடவே ஒதுக்கப்படும். ஆகவே புத்தகத்தைத் தருவதற்கில்லை என்பதே நம் அபிப்பிராயம். விலைக்கு வாங்கும் முகவரிப் பட்டியல்களோ இன்னும் கேடானவை. அவற்றில் செத்த முகவரிகளுண்டு, ஸ்பாம் அனுப்புவோரைப் பிடிக்கவென்றே வைத்த பொறி முகவரிகளுமுண்டு.

வியாபாரிகள் தத்தம் சொந்த டொமைனிலிருந்து எழுதுவார்களாக. புதுப் பெயராயின், பதில் எழுதக்கூடிய பழைய வாடிக்கைக்காரருக்கு முதலில் நாளொன்றுக்குச் சில கடிதங்களே அனுப்பி, வாரந்தோறும் சிறுகச் சிறுகக் கூட்டுக. தீபாவளிக்கு முந்திய நாள் திடீரென ஆயிரக்கணக்கில் அனுப்புவது, முகமறியாதவன் முதல் நாளே பெருங்கடன் கேட்பது போலாம். திரும்பி வந்த முகவரிகளை அன்றே அடித்துவிடுக. விலகுகிறேன் என்றவரை இரண்டு நாளுக்குள் நீக்குக. மிகுதியாக அனுப்புவோர்க்குப் புகார் விகிதத்தைக் காட்டும் கூகிள் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் விலையின்றிக் கிடைக்கிறது. பேரேடு பார்க்கும் நாளில் அதனையும் பார்த்துக்கொள்ளலாம்.