சட்டமே எதிராக நிற்கும்போது
(தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கான கருத்தரங்கில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



"சட்டமே அப்படி இருக்கும்போது லோயர் ஐயா என்ன செய்ய முடியும்?" என்று தோட்டங்களில் கேட்கிறார்கள். மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் நமது வரலாற்றிலேயே பார்க்கலாம்.

முதலாவது, சட்டத்தின் எல்லையைக் காட்டுவது. துரை வேலை பழக வந்து, பின்னர் தொழிலாளர் பக்கம் நின்று மேடையேறியவர் பிரேஸ்கேர்டில். 1937இல் அவரை நாடுகடத்தத் தேசாதிபதி உத்தரவிட்டார். அந்த அதிகாரம் அவசரகாலத்துக்கு மட்டுமே உரியது என்று எச்.வி. பெரேரா வாதாடினார். உயர் நீதிமன்றம் பிரேஸ்கேர்டிலை விடுவித்தது. சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் தேசாதிபதியின் கை கட்டப்பட்டது.

இரண்டாவது, சட்டமே செல்லாது என்று வழக்காடுவது. 1948 பிரசாவுரிமைச் சட்டம் நம்மவரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. ருவன்வெல்லைத் தொகுதி வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கக் கோரிய கோடாக்கன் பிள்ளையின் வழக்கு, ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டத்தைத் தடுத்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவை நம்பி நடந்தது. இடாப்பைத் திருத்தும் அதிகாரி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 1951இல் உயர் நீதிமன்றம் அதைப் புரட்டியது. யார் பிரஜை என்று வகுப்பது பாராளுமன்றத்தின் அதிகாரம், அது பாகுபாடு ஆகாது என்று 1953இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் கைவிரித்தது.

இந்த வழியில் ஓர் ஆபத்து உண்டு. மேல் நீதிமன்றத்தில் தோற்ற வழக்கு, அடுத்து வருபவரின் கதவையும் அடைத்துவிடும். ஆகவே எந்த வழக்கை, எப்போது, என்ன சாட்சியத்தோடு கொண்டுபோவது என்பதைச் சங்கமும் சட்டத்தரணியும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது, சட்டத்தையே மாற்றுவது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பிரசாவுரிமை வழங்கியது. நீதிமன்றம் மறுத்ததைப் பெற 50 ஆண்டுகள் பிடித்தன. சட்டமூலத்தைச் சட்டத்தரணி எழுதித் தரலாம். அதற்குக் கை உயர்த்த வைப்பது உங்கள் ஒற்றுமையும் உங்கள் வாக்கும்தான்.

எந்த வழியில் போனாலும் கையில் ஆதாரம் வேண்டும். சம்பளச் சீட்டு, சேமலாப நிதிப் பத்திரம், பிறப்புப் பதிவு, நிர்வாகம் தந்த கடிதம் எதையும் எறிந்துவிடாதீர்கள். வீட்டுக்கும் காணிக்கும் உறுதி கேட்டு நிற்கும் இந்தக் காலத்தில், லயத்துப் பெட்டியில் கிடக்கும் அந்தத் துண்டுக் காகிதம் இல்லாமல் எந்தச் சட்டத்தரணியாலும் வாதாட முடியாது.