கண்ணாடிக் கோலில் சுற்றிய நூல்



பேச்சைத் தொடங்குமுன் மேசையில் இருக்கும் இந்தக் கண்ணாடித் தம்ளரைக் காட்டிவிடுகிறேன். கனிந்த வாழைப்பழம் ஒன்றைப் பிசைந்து, ஒரு சிட்டிகை உப்பும் பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவமும் தண்ணீரும் விட்டுக் கலக்கி, வேட்டித் துணியில் வடிகட்டினேன். சோப்பு, செல்லின் சவ்வை உடைத்துவிடும். இப்போது ஃப்ரிட்ஜில் வைத்திருந்த ஸ்பிரிட்டைத் தம்ளரின் ஓரமாக மெல்ல ஊற்றுகிறேன். பாருங்கள், இரண்டு திரவமும் சேரும் இடத்தில் பஞ்சு மாதிரி வெள்ளையாகத் திரண்டு மேலே வருகிறது. அதில் டி.என்.ஏ. இருக்கிறது. டி.என்.ஏ. மட்டும்தான் இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். பழத்தின் பெக்டினும் கூடவே வந்திருக்கும்.

அந்த 'மட்டும்தான்' என்ற சொல்லைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

யார் நினைவாக இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு நடக்கிறதோ, அந்த அம்மையாரிடம்தான் நான் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்தேன். டி.என்.ஏ.வின் முறுக்கிய ஏணியைக் கரும்பலகையில் வரைந்து முடித்தவர், சாக்பீஸைக் கீழே வைக்காமலே கேட்டார்: "இதுதான்னு அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" நாங்கள் புத்தகத்தைப் புரட்டினோம். பெயர்களும் ஆண்டுகளும் இருந்தன, வாசித்துக் காட்டினோம். "அது பதில் இல்லையே" என்றார். அவருக்கு அன்று சொல்ல முடியாத பதிலை இன்று சொல்லிப் பார்க்கிறேன்.

1869-இல் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரக் கோட்டையில், பழைய சமையலறையில் அமைந்த ஆய்வகம் ஒன்றில், ஃப்ரீட்ரிக் மீஷர் என்ற இளைஞர் மருத்துவமனைக் கட்டுத்துணிகளை அலசிச் சீழ்ச் செல்களைச் சேகரித்தார். அவற்றின் உட்கருவிலிருந்து அவர் பிரித்த பொருளில் பாஸ்பரஸ் நிறைய இருந்தது. அதற்கு நியூக்ளின் என்று பெயரிட்டார். பொருள் கிடைத்துவிட்டது, அதன் வேலை என்னவென்று உறுதிப்பட முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. மரபைச் சுமப்பது புரதமாகத்தான் இருக்கும் என்று பெரும்பாலோர் நம்பினார்கள். புரதத்தில் இருபது வகை அமினோ அமிலங்கள், டி.என்.ஏ.விலோ நான்கே காரங்கள். அந்த நான்கும் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வருகின்றன என்று ஃபீபஸ் லெவீன் போன்ற பெரிய வேதியியலாளர்களே கருதினார்கள். அப்படிப்பட்ட பொருளில் ஓர் உயிரின் செய்தி அடங்கியிருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

1928-இல் லண்டனில் ஃப்ரெடெரிக் கிரிஃபித் நிமோனியாக் கிருமிகளை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். சர்க்கரை உறை உள்ள கிருமி எலியைக் கொல்லும். உறை இல்லாதது கொல்லாது. உறையுள்ளதைச் சூடேற்றிக் கொன்று, உறையில்லாத உயிர்க் கிருமியோடு சேர்த்துச் செலுத்தினார். எலிகள் செத்தன. அவற்றின் இரத்தத்தில் உறையுள்ள கிருமி உயிரோடு இருந்தது. அதன் சந்ததியும் உறையோடே பிறந்தது. செத்த கிருமியிலிருந்து ஏதோ ஒன்று உயிருள்ளதற்குள் போயிருக்கிறது. அது என்ன?

நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் கழகத்து மருத்துவமனையில் ஆஸ்வால்ட் ஏவரி 1913 முதல் நிமோனியாக் கிருமியோடே வாழ்ந்தவர். அவர் முதலில் கிரிஃபித்தின் முடிவை நம்பவில்லை. அவருடைய ஆய்வகத்தாரே செய்து பார்த்து உறுதிசெய்த பிறகு, அந்த 'ஏதோ ஒன்றை'த் தேடத் தொடங்கினார். காலின் மக்லியாட், பிறகு மக்லின் மக்கார்ட்டி என்று இரண்டு இளைஞர்கள் உடன் உழைத்தார்கள்.

நான் பெரிதும் நேசிக்கும் பகுதி இது. அவர்கள் செய்தது முழுக்கக் கழிக்கும் வேலை. 75 லிட்டர் கிருமி வளர்ப்பிலிருந்து கடைசியில் கிடைத்தது 10 முதல் 25 மில்லிகிராம். குளோரோஃபார்ம் விட்டுக் குலுக்கிக் குலுக்கிப் புரதத்தை எடுத்தார்கள். நொதியை விட்டு உறைச் சர்க்கரையைச் செரித்தார்கள். பிறகு ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினால், ஒரு கட்டத்தில் வெண்ணிற நூல்கள் பிரிந்து கலக்கும் கோலில் தாமாகவே சுற்றிக்கொண்டன. நீங்கள் தம்ளரில் பார்த்தது அந்தக் காட்சியின் எளிய வடிவம்.

அதோடு விடவில்லை. புரதத்தைச் சிதைக்கும் டிரிப்சினை விட்டார்கள். கிருமியை மாற்றும் அந்த நூலின் திறன் குறையவில்லை. ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியை விட்டார்கள், குறையவில்லை. டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி இருந்த சாறுகளை விட்டபோதுதான் திறன் அடியோடு போயிற்று. 60 கோடியில் ஒரு பங்காக நீர்த்த பிறகும் உறையில்லாத கிருமியை உறையுள்ளதாக மாற்றிய பொருள் அது. 1944 பிப்ரவரியில் கட்டுரை வெளிவந்தபோது ஏவரிக்கு 66 வயது. இது மரபணுவாக இருக்கலாம் என்று தம்பிக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டவர், கட்டுரையில் அளந்து அளந்தே எழுதினார். கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் வேறு ஏதாவது பொருள்கூட காரணமாக இருக்கலாம் என்று அவரே இடம் வைத்தார்.

அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார் அதே கழகத்தின் ஆல்ஃபிரட் மிர்ஸ்கி. ஒன்றிரண்டு சதவீதம் புரதம் ஒளிந்திருந்தால் உங்கள் சோதனைகளுக்கு அகப்படாதே என்றார். பகை என்று இதை நான் எண்ணவில்லை. எங்கள் ஆசிரியை கேட்ட கேள்வியைத்தான் மிர்ஸ்கியும் கேட்டார். மக்கார்ட்டி மாட்டுக் கணையத்திலிருந்து டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியைத் தூய்மையாகப் பிரித்து, அதைக் கொண்டு மறுபடியும் காட்டினார்.

1952-இல் ஆல்ஃபிரட் ஹெர்ஷியும் மார்த்தா சேஸும் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸின் புரதத்துக்குக் கதிரியக்கக் கந்தகத்தையும், டி.என்.ஏ.வுக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸையும் அடையாளமாக வைத்தார்கள். சமையலறை மிக்ஸி போன்ற கருவியில் சுழற்றி, வெளியே ஒட்டியிருந்த வைரஸ் கூடுகளை உதறினார்கள். பாஸ்பரஸ் பெரும்பாலும் செல்லுக்குள் போயிருந்தது. உலகம் ஒப்புக்கொண்டது. ஆனால் கந்தகத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உதறிய பிறகும் செல்லோடு தங்கியிருந்தது. தூய்மையை வைத்துப் பார்த்தால் ஏவரியின் சான்றே பன்மடங்கு உயர்ந்தது. ஹெர்ஷிக்கு 1969-இல் நோபல் கிடைத்தது. ஏவரி 1955-இல் அந்தப் பரிசு பெறாமலே இறந்தார். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

ஏவரியின் கட்டுரையை உடனே மனத்தில் வாங்கிக்கொண்டவர்களில் எர்வின் சார்காஃப் முக்கியமானவர். தம் ஆய்வகத்தின் போக்கையே மாற்றி, அடினைன் எவ்வளவோ அவ்வளவு தைமின், குவானைன் எவ்வளவோ அவ்வளவு சைட்டோசின் என்று அளந்து காட்டினார். லெவீனின் சலிப்பூட்டும் வரிசை அதோடு போயிற்று. ரோசலிண்ட் ஃபிராங்க்ளினும் அவர் மாணவர் ரேமண்ட் காஸ்லிங்கும் 1952 மே மாதம் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படம் சுருள் வடிவத்தைக் காட்டியது. ஃபிராங்க்ளினைக் கேட்காமலே அந்தப் படம் ஜேம்ஸ் வாட்சனுக்குக் காட்டப்பட்டது. வாட்சனும் ஃபிரான்சிஸ் கிரிக்கும் கட்டிய டி.என்.ஏ. மாதிரி 1953 ஏப்ரல் 25 நேச்சர் இதழில் வந்தது. இந்தக் கதை உங்களுக்குத் தெரியும், அதிகம் சொல்லவில்லை.

அந்த ஏணியில் அழகான இடம் படிகள்தான். வாட்சன் அட்டையில் வெட்டிய கார வடிவங்களை மேசையில் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். அடினைனும் தைமினும் சேர்ந்த இணையும், குவானைனும் சைட்டோசினும் சேர்ந்த இணையும் ஒரே அகலத்தில் வந்தன. ஒரு பக்கம் தெரிந்தால் மறுபக்கம் தானே தெரிந்துவிடும். இரண்டு இழையும் பிரிந்து, ஒவ்வொன்றும் தனக்கான துணையைப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம்.

கட்டிக்கொள்ள'லாம்'. உண்மையில் அப்படித்தான் நடக்கிறதா? 1958-இல் மாத்யூ மெசல்சனும் ஃபிராங்க்ளின் ஸ்டாலும் கலிஃபோர்னியாவில் இதைச் சோதித்தார்கள். கனமான நைட்ரஜனில் பல தலைமுறை வளர்ந்த பாக்டீரியாவைச் சாதாரண நைட்ரஜனுக்கு மாற்றினார்கள். அதன் டி.என்.ஏ.வைச் சீசியம் குளோரைடு கரைசலில் இட்டு, நிமிடத்துக்கு 44,770 சுற்று வேகத்தில் சுழற்றினார்கள். கனமானது கீழே நிற்கும், லேசானது மேலே. ஒரு தலைமுறை கழித்து எல்லாம் நடுவில் ஒரே பட்டையாக நின்றது. இரண்டு தலைமுறை கழித்துப் பாதி நடுவில், பாதி மேலே. பழைய இழை அழியவில்லை. ஒவ்வொரு மகள் மூலக்கூறுக்கும் ஒன்றாகப் போயிருக்கிறது. அந்த நடுப்பட்டையைச் சூடாக்கியபோது கனமான இழையும் லேசான இழையும் தனித்தனியே பிரிந்தன.

தம்ளரில் நூல் நன்றாக மேலே வந்துவிட்டது. பக்கத்தில் கண்ணாடிக் கோல் வைத்திருக்கிறேன். கலக்காமல், ஒரே பக்கமாக மெதுவாகச் சுழற்றினால் சுற்றிக்கொள்ளும். மாணவர்கள் முதலில் வாருங்கள். இதில் டி.என்.ஏ. எவ்வளவு, பெக்டின் எவ்வளவு என்று யாருக்காவது கேட்கத் தோன்றினால், எந்த நொதியை முதலில் விடலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.