லாரிக்கும் வேண்டும் அதன் பழைய நம்பர்



ஐம்பது வயதைக் கடந்த கார் வைத்திருப்பவருக்கு இன்று சட்டத்தில் தனி இடம் உண்டு. 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. முதல் பதிவு நடந்து ஐம்பது ஆண்டு தாண்டியிருக்க வேண்டும்; சேசிஸ், பாடி, எஞ்சின் எல்லாம் பிறந்தபடியே இருக்க வேண்டும். அப்படிப்பட்ட வண்டியை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய். பத்தாண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். புதிதாகப் பதியும் வண்டிக்கு மாநில எழுத்தை அடுத்து ‘வி.ஏ.’ என்று வரும். ஏற்கெனவே பழைய நம்பர் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று எடுத்துப் போகலாம்.

நல்ல விதி. ஆனால் அது இருசக்கர வாகனத்துக்கும் காருக்கும் மட்டும்தான். சரக்கு ஏற்றும் வண்டிகளுக்கு அரசு வைத்திருக்கும் ‘என்’ பிரிவு அதில் சேர்க்கப்படவே இல்லை. முதலாளி ஏறிப்போன கார் விண்டேஜ் ஆகலாம். அந்த முதலாளியின் பிழைப்பைச் சுமந்த லாரி ஆக முடியாது. இது சரியில்லை என்று சொல்லத்தான் இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன்.

தென்காசி வட்டாரத்தில் எங்கள் சுரண்டைக்கும் பாவூர்சத்திரத்துக்கும் காய்கறிதான் பெயர் வாங்கித் தந்தது. தோட்டத்தில் பறித்த கத்தரியும் வெண்டையும் மண்டிக்கு வந்து, மூட்டையாகி, செங்கோட்டை தாண்டி, புளியரை எஸ் வளைவில் முக்கி முனகி ஏறி, ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்குப் போனது லாரியில்தான். இந்த ஊர்களில் கார் வைத்திருந்த வீடுகளை அந்தக் காலத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம். லாரியோ டிரைவர், கிளீனர், சுமைதூக்குகிறவர், பட்டறைக்காரர், படுதா தைக்கிறவர் என்று எத்தனையோ அடுப்பை எரியவைத்தது. எங்கள் பக்கத்து வரலாற்றுக்குச் சாட்சி வேண்டுமென்றால் அது ஒரு பழைய லாரியாகத்தான் இருக்க முடியும்.

எந்த லாரிகள்? பிரீமியர் நிறுவனத்தின் ஃபார்கோ, டாட்ஜ். இந்துஸ்தான் மோட்டார்ஸின் பெட்ஃபோர்டு. சென்னை எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி 1955இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய நிறுவனத்தின் வண்டிகள். ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு கைகோத்து டாடா 1954 முதல் செய்த லாரிகள். அந்த ஒப்பந்தம் 1969இல் முடிந்தது, முகப்பில் இருந்த மூன்றுமுனை நட்சத்திரமும் போய்விட்டது. அதற்குப் பிறகும் பல காலம் நம் ஆட்கள் வாயில் அது ‘பென்ஸ் லாரி’தான்.

இப்போது நம்பர் பலகைக்கு வருகிறேன். பழைய லாரியைச் சீர்செய்கிறவர்கள் முகப்பு, விளக்கு, மரப்பாடி எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, பலகையில்தான் சறுக்குகிறார்கள்.

1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சென்னை மாகாணத்துக்கு ‘எம்.டி.’, ‘எம்.எஸ்.’ என்ற தொடக்க எழுத்துகள். மூன்றாவதாக ஓர் எழுத்து சேரும், பிறகு எண். நடுவே மாவட்ட எண் எதுவும் கிடையாது. நாம் இன்று பார்க்கும் ‘டி.என்.’, அதை அடுத்து அலுவலக எண் என்ற முறை, 1988ஆம் ஆண்டுச் சட்டம் 1989 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பிறகு ஏற்பட்டது. தென்காசிக்கு 76 கிடைத்தது அந்த முறையில்தான். ஆகவே 1965 லாரியில் ‘டி.என். 76’ என்று எழுதினால் அது அந்த வண்டியின் காலம் அல்ல.

நிறமும் அப்படித்தான். அன்று சொந்த உபயோகக் காருக்குக் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. வாடகைக்கும் சரக்குக்கும் ஓடும் வண்டிக்கு வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து. லாரிக்கு மஞ்சள் பலகை வந்தது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில். பழைய லாரி என்றதும் பலர் கறுப்புப் பலகை மாட்டி அழகு பார்க்கிறார்கள். அது காரின் பலகை. லாரிக்குரியது வெள்ளை. அதுவும் அச்சடித்த தகடு இல்லை. ஊர்ப் பெயின்டர் தூரிகையால், ஓரத்தில் கோடு போட்டு, கையால் எழுதியது. ஒருவர் எழுதும் ஐந்து போல இன்னொருவர் ஐந்து இருக்காது. பழைய பலகை கிடைத்தால் அதைச் சுரண்டிப் புதுப்பெயின்ட் அடித்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். துடைத்து, அப்படியே வையுங்கள்.

சட்டம் தரும் ஒரு வசதி பலருக்குத் தெரியவில்லை. பழைய மூன்றெழுத்து நம்பர் செத்துப்போகவில்லை. பதிவு உயிரோடு இருக்கும்வரை அந்த நம்பரும் செல்லும். ஆனால் லாரி போக்குவரத்து வாகனம் என்பதால், தகுதிச்சான்று (எஃப்.சி.) இல்லாவிட்டால் பதிவே செல்லாது என்கிறது 1988 சட்டத்தின் 56ஆம் பிரிவு. எட்டு ஆண்டு கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. பார்க்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல், பதினைந்து ஆண்டு தாண்டிய கனரக வண்டிக்கு அதற்கான கட்டணத்தை 12,500 ரூபாயாக உயர்த்தினார்கள். லோடு ஏற்றாத, சம்பாதிக்காத, ஷெட்டில் நிற்கிற ஒரு லாரிக்கு இது பெரிய பாரம். அதனால்தான் பலர் மனசில்லாமல் எடைக்குப் போடுகிறார்கள்.

பதினைந்து வருஷம் ஆனால் உடைத்தே ஆகவேண்டும் என்று ஒரு பேச்சு ஊரெங்கும் உலவுகிறது. அந்தக் கட்டாயம் 2023 ஏப்ரல் முதல் அரசாங்க வண்டிகளுக்கு வந்தது. டெல்லி வட்டாரத்தில் பழைய வண்டிகளுக்கு வந்த தடை, அந்த வட்டாரத்துக்கானது. நம் பக்கத்தில் தனியார் லாரி எஃப்.சி.யில் தேறினால் ஓடலாம்.

இன்னொரு எச்சரிக்கை, எல்லையோரத்தில் இருக்கும் நமக்கு முக்கியமானது. வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அந்த மாநிலத்தின் புது நம்பர் வாங்க வேண்டும். கொல்லத்திலோ புனலூரிலோ ஒருவர் ஆசைப்பட்டு வாங்கிப்போனால், வண்டி பிழைத்துக்கொள்ளும்; நம்பர் போய்விடும். விற்பதென்றால் தமிழ்நாட்டுக்குள் கொடுங்கள்.

வண்டியின் அடையாளம் பலகையில் மட்டும் இல்லை. சேசிஸில் கொத்திய எண்தான் ஆதாரம். மண்ணெண்ணெய் ஊற்றி கிரீஸைக் கழுவி, உப்புத்தாளால் துருவை மெல்லத் தேய்த்து, மேலே தாள் வைத்துப் பென்சிலால் உரசினால் எண் ஒவ்வொன்றாக எழும்பி வரும். அதை ஆர்.சி. புக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய காகித ஆர்.சி. புக் கணினியில் ஏறாமலே கிடக்கலாம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு ஏற்றிவிடுங்கள். பெர்மிட் தாள், வரி ரசீது, இன்சூரன்ஸ் எதையும் எறிய வேண்டாம்.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள்? பிரிட்டனில் நாற்பது ஆண்டு தாண்டிய வண்டிக்கு வரிவிலக்குள்ள தனிப்பிரிவு உண்டு. வியாபாரத்துக்கு ஓட்டாவிட்டால் லாரியும் அதில் சேரும். 1980க்கு முன் தயாராகி அந்தப் பிரிவில் இருக்கும் வண்டி, பழைய கறுப்புப் பலகையையே மாட்டிக்கொண்டு சாலையில் போகலாம். விட்டுப்போன பழைய நம்பரை அந்தக் கால ஆவணத்தைக் காட்டி மீட்டுக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வண்டி தயாரான ஆண்டில் வெளிவந்த அசல் தகட்டையே பயன்படுத்தலாம். 1972 வரையிலான சரக்கு வண்டிக்கும் அந்த உரிமை உண்டு. அங்கே காரையும் லாரியையும் இப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை.

நம் விதியில் பெரிதாக எதையும் மாற்ற வேண்டியதில்லை. விண்டேஜ் வாகனத்துக்கான வரையறையில் சரக்கு வண்டிப் பிரிவையும் சேர்த்தால் போதும். லோடு ஏற்றக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லட்டும். பிரேக்கும் விளக்கும் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கட்டும். ஆண்டுதோறும் வரும் எஃப்.சி. கட்டணத்தை விலக்கி, பழைய நம்பரையும் பழைய வெள்ளைப் பலகையையும் அனுமதிக்கட்டும். அதுவரை சாலைக்கு எடுத்தால் மஞ்சள் பலகைதான் சட்டம். வெள்ளைப் பலகையைக் கண்காட்சிக்கென்று பத்திரமாக வைத்திருக்க வேண்டியதுதான்.

நேயர்களே, உங்கள் வீட்டுத் தோப்பிலோ மண்டிக்குப் பின்னாலோ பழைய லாரி ஒன்று நின்றால், எடைக்காரரைக் கூப்பிடும் முன் அதன் ஆர்.சி. புக்கைத் தேடி எடுங்கள். பதிவை ரத்து செய்ய எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த நம்பர் திரும்ப வராது. லாரி உரிமையாளர் சங்கங்களும் இந்தக் கோரிக்கையை அமைச்சகத்துக்கு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.