பெருங்கதையும் பொறுமையும்

கனடிய எழுத்தாளர் ஸ்டீவன் எரிக்சனின் 'மலாசன்' என்னும் கற்பனைப் பெருங்கதை, 1999 முதல் 2011 வரை 10 தொகுதிகளாக வெளிவந்தது. போர்களின் நடுவே விளக்கம் ஏதுமின்றித் தொடங்கும் அக்கதை, இரண்டாந் தொகுதியில் வேறொரு கண்டத்துக்கே தாவிவிடுகிறது.

வாசகனை இருளில் விடுவதற்கா கதாசிரியர் என்று வினவுவர் ஒரு சாரார். அவர் தொல்லியல் பயின்றவர். புதையுண்ட நகர்போல அவர் கதையும் தோண்டத் தோண்டத்தான் துலங்கும் என்பர் மறுசாரார்.

நேயர்களே, இவ்வழக்கைத் தீர்க்கப் பத்துத் தொகுதிகளும் வேண்டா. அவ்விரண்டாந் தொகுதியிலேயே, பல்லாயிரம் அகதிகளைக் காத்தவாறு ஒரு படைத்தலைவன் நெடுவழி நடக்கிறான். வரைபடம் விளங்காவிடினும் அவர்தம் துயர் விளங்கும். அதுவரை பொறுத்தும் நெஞ்சம் நெகிழாதவர் நூலை நாணமின்றி மூடிவிடலாம். நெகிழ்ந்தவர்க்கோ எஞ்சிய எட்டும் சுமையாகா.