பெர்மிட் தேதியும் கடன் தவணையும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



குழுக்களின் தீர்மான நோட்டைப் பார்க்கும்போது, கடன் காரணம் என்ற இடத்தில் ‘வீட்டுக்காரர் வெளிநாடு போக’ என்று அடிக்கடி பார்க்கிறோம். கறவை மாட்டுக்குக் கடன் என்றால் எத்தனாவது ஈத்து, எத்தனை லிட்டர் கறக்கும் என்று பத்துக் கேள்வி கேட்கிறோம். வெளிநாடு என்றால் மட்டும் ‘விசா வந்துடுச்சு’ என்ற ஒரே சொல்லுக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். விசா எத்தனை நாளுக்கு என்று யாரும் கேட்பதில்லை. இன்று அதைத்தான் பேசப் போகிறோம். நம் ஆட்கள் நிறையப் பேர் கட்டிட வேலைக்குப் போகிற சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம்.

அங்கே கூலி வேலைக்குத் தருவது ‘வொர்க் பெர்மிட்’. பொதுவாக அதிகபட்சம் 2 வருஷம். நீட்டிக்க மனுப் போட வேண்டியவர் முதலாளி, தொழிலாளி அல்ல. இடையில் வேலையை விட்டு நிறுத்தினால் பெர்மிட்டும் ரத்தாகும்.

“இப்ப காலக்கெடுவே இல்லையாமே, எத்தனை வருஷம் வேணாலும் இருக்கலாமாமே” என்று சில ஏஜெண்டுகள் சொல்றாங்க. இது பாதி உண்மை. முன்பு வேலைத்திறனைப் பொறுத்து 14 முதல் 26 வருஷம் வரைதான் மொத்தமாக வேலை செய்ய முடியும். 2025 ஜூலை 1 முதல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். வயது வரம்பும் 60-லிருந்து 63 ஆனது. ஆனால் ஒவ்வொரு பெர்மிட்டுக்கும் முடிவுத் தேதி இருக்கத்தான் செய்கிறது.

இப்போது கணக்குப் போடுவோம். 2 லட்சம் கடன் வாங்கி 36 தவணையில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். பெர்மிட் 24 மாதத்தில் முடிகிறது. நீட்டிக்கவில்லை என்றால், அவர் பெட்டியோடு வந்து இறங்கும் அன்று 12 தவணை பாக்கி. அதைக் கட்டப் போவது யார்? நீங்கள்தான். உங்களால் முடியாவிட்டால் உங்கள் குழு.

வழிகளும் இருக்கின்றன. கட்டிடத் தொழிலாளியின் பெர்மிட் முடிய 40 நாள் இருக்கும்போது தொடங்கி 21 நாள் இருக்கும் வரை, பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே புது முதலாளி அவருக்கு மனுப் போடலாம். இதைத் தெரிந்து வைத்திருந்தால் முன்கூட்டியே வேலை தேடலாம். பெர்மிட் முடிந்த பிறகு ஒளிந்து தங்குவது மட்டும் வழி அல்ல. 90 நாளுக்கு மேல் அப்படித் தங்கினால் ஆண்களுக்குச் சிறையோடு பிரம்படியும் உண்டு.

அடுத்து, “கொஞ்ச நாள்ல உன்னையும் கூட்டிக்கிறேன்” என்ற பேச்சு. வொர்க் பெர்மிட்டில் இருப்பவர் மனைவி, பிள்ளைகளைக் குடும்ப பாஸில் அழைத்துப்போய் வைத்துக்கொள்ள முடியாது. ‘எஸ் பாஸ்’ அல்லது ‘எம்ப்ளாய்மெண்ட் பாஸ்’ உள்ளவராக இருக்க வேண்டும், மாதச் சம்பளம் குறைந்தது 6,000 டாலர் வேண்டும். அப்படிப் போன மனைவியும் அங்கே வேலைக்குப் போகத் தனியாக வேலை பாஸ் எடுக்க வேண்டும். இது 2021 மே மாதத்திலிருந்து உள்ள விதி. துபாயில் விதி வேறு. அங்கே 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹாமோடு தங்க இடமும் இருந்தால் மனைவியை அழைக்கலாம். போகிற நாட்டைப் பொறுத்து உங்கள் குடும்பம் எத்தனை வருஷம் பிரிந்திருக்கும் என்பதே மாறுகிறது. அதனால் முடிவு எடுக்கும்போது நீங்களும் உட்கார்ந்து பேசுங்கள்.

சகோதரிகளே, இனி இந்தக் கடனுக்கு மனு வந்தால் குழுவில் நான்கு விஷயம் பார்ப்போம்.

ஒன்று, ‘ஐ.பி.ஏ.’ என்ற அனுமதிக் கடிதம். சம்பளம், பிடித்தம் எல்லாம் அதில் இருக்கும். புறப்படும் முன்பே, அவருக்குப் புரியும் மொழியில் கையில் வர வேண்டும். ‘டூரிஸ்ட் விசாவில போ, அங்க மாத்திக்கலாம்’ என்றால் கடன் வேண்டாம்.

இரண்டு, ஏஜெண்ட் பணம். சிங்கப்பூர் ஏஜென்சி தொழிலாளியிடம் வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம், மொத்தத்தில் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வாங்கக் கூடாது. இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜெண்டுக்குச் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். கேட்கிற பணம் அதிகமாக இருந்தால் எதற்கு என்று கேளுங்கள், ரசீது வாங்குங்கள்.

மூன்று, கடன் தவணை பெர்மிட் தேதிக்கு முன்பே முடிய வேண்டும்.

நான்கு, பாஸ்போர்ட், ஐ.பி.ஏ., பெர்மிட், முதலாளி முகவரி எல்லாவற்றுக்கும் ஒரு நகல் உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்க வேண்டும். அங்கே ஒரு விபத்து என்றால் இங்கிருந்து மனுக் கொடுக்க அதுதான் ஆதாரம். போகும் முன் தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நல வாரியத்திலும் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

வெளிநாடு போக வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்தச் சம்பாத்தியத்தில் எழுந்த வீடுகளும் படித்த பிள்ளைகளும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். தேதியைப் பார்ப்போம், கணக்குப் போடுவோம், பிறகு கையெழுத்துப் போடுவோம்.