கதவு தட்டும் கணினி

போடிநாயக்கனூரில் நறுமணப் பொருட்கள் வாரியத்தின் ஏலக்காய் ஏலத்தில் வியாபாரிகள் கணினியில்தான் விலை கேட்கிறார்கள். அங்கே கணினிகள் ஒன்றோடொன்று ஒழுங்காகப் பேசுகின்றன. வீட்டில்தான் தகராறு. மாடிக் கணினியில் உட்கார்ந்துகொண்டு, கீழே உள்ள கணினியில் இருக்கும் தோட்டக் கூலிக் கணக்கைத் திறந்தால் 'அனுமதி இல்லை' என்கிறது.

முதலில், இரண்டும் ஒரே வைஃபையில் இருக்கின்றனவா பாருங்கள். ஒன்று செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இருந்தால் ஒன்றுக்கொன்று கண்ணில் படாது. அடுத்து, அந்த இணைப்பு 'பப்ளிக்' என்றிருந்தால் 'பிரைவேட்' ஆக்குங்கள். பப்ளிக் என்றால், பஸ் ஸ்டாண்டில் நிற்பதாக நினைத்துக் கணினி கதவைச் சாத்திக்கொள்ளும்.

2024இல் வந்த விண்டோஸ் 11 புரோ 24எச்2 பதிப்பு, கடவுச்சொல் இல்லாத பகிர்வுக்குள் நுழைய மறுக்கிறது. கோப்பு இருக்கும் கணினியில் கடவுச்சொல்லோடு ஒரு பயனர் கணக்கு உண்டாக்கி, அதைக் கொடுத்து நுழையுங்கள். நான்கு இலக்கப் பின் எண் இங்கே செல்லாது. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

இன்னொன்று. கோப்புப் பகிர்வின் பழைய முறைக்கு 'எஸ்எம்பி 1' என்று பெயர். 'எஸ்எம்பி 1-ஐ ஆன் பண்ணுங்க, சரியாயிடும்' என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற, பணம் கேட்டு மிரட்டும் வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது அந்தப் பழைய வாசல் வழியாகத்தான்.